கப்பல் அக்காவுக்கு ஒரு ‘நீ’

பூர்ணிமாவுக்கு வயது முப்பத்தொன்பது. ஆடிக் காற்று ஜன்னல் கதவை அறைந்துகொண்டிருந்த ஒரு மதியம், அவளுடைய மகள் முதன்முறையாக அவளிடம் மனம்விட்டுப் பேசினாள். அந்த மகளுக்கு வயது முப்பத்தாறு.

அவள் பெற்ற மகள் வான்மதிக்குப் பதினைந்துதான் ஆகிறது. பத்தாம் வகுப்பு. அந்த நேரம் அவள் பள்ளியில் இருந்தாள். பள்ளிக்குள் டேப்லெட் கொண்டுபோகக் கூடாது என்பதால் அது சாப்பாட்டு மேஜைமேல் சார்ஜில் கிடந்து, விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அடுப்பில் ரசம் பொங்குகிற அவசரத்தில் அதை அணைத்துவிடலாம் என்று பூர்ணிமா விரலை வைத்தாள். திரை விரிந்தது. வான்மதியின் முகம்தான். ஆனால் கன்னத்துச் சதை வற்றி, காதோரம் இரண்டொரு நரை ஓடி, வெள்ளைக் கோட்டு போட்ட முகம்.

“ஏங்கண்ணு, இந்த அக்காவ அடியோட மறந்துட்டியா?” என்று சிரித்த அந்த முகம் சட்டென்று சிரிப்பை நிறுத்தியது. “அம்மா? நீயா?”

பூர்ணிமா கையில் கரண்டியோடு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வழித்துணை என்ற ஒன்று பள்ளியில் இருப்பது அவளுக்குத் தெரியும். அவள் படித்த காலத்தில், “கூட்டத்தில் பேசப் பிடிக்குமா, தனியாக வேலை செய்யப் பிடிக்குமா” என்று கம்ப்யூட்டரில் நாற்பது கேள்வி கேட்பார்கள். கடைசியில் ‘நீங்கள் வங்கி அதிகாரி ஆகலாம்’ என்று ஒரு வரி வரும். பிள்ளைகள் சிரித்துவிட்டு மறந்துபோவார்கள். இப்போது அப்படியில்லை. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்ததும் பிள்ளையின் குரல், முகம், மார்க்கு, வீட்டு நிலவரம், உடம்பு நிலவரம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, அந்தப் பிள்ளையே வளர்ந்தால் எப்படி இருக்கும் என்று மூன்று நான்கு பேரை வழித்துணை உண்டாக்கிவிடும். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தொழில். பிள்ளை அவர்களோடு முகம் பார்த்துப் பேசலாம், சம்பளம் கேட்கலாம், சண்டை போடலாம்.

வயதில் மூத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை. தன் பெயரையே சொல்லித் தன்னைக் கூப்பிடவும் கூச்சம். அதனால் பெண் பிள்ளைகள் அக்கா என்றார்கள், பையன்கள் அண்ணன் என்றார்கள். பேங்க் அக்கா, கோர்ட்டு அண்ணன், விவசாய அக்கா. வான்மதிக்கு மூன்று பேர். கட்டட அக்கா ஒருத்தி. கப்பலில் இன்ஜினியராக இருக்கும் கப்பல் அக்கா ஒருத்தி. மூன்றாவது, கோபி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கும் இவள். பிள்ளை ரொம்ப நாள் பேசாமல் விட்டால் அந்த அக்காவே கூப்பிட்டுவிடுவாள்.

“நா வெச்சறட்டுங்களா?” என்றாள் பூர்ணிமா. யாரோ பெரிய டாக்டரம்மாவிடம் பேசுகிற மாதிரி வாய் குழறியது.

“என்னம்மா நீ, என்கிட்டப் போயி ங்க போட்டுக்கிட்டு! எதுக்கு வெக்கற? முட்டி வலி எப்படி இருக்குது? படி ஏறறப்ப இன்னும் கையூணித்தான் ஏறறயா?”

முட்டி வலிக்கிறது என்று பூர்ணிமா அந்த வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். புருஷன் பிரகதீஷ் உடுமலைப்பேட்டைப் பக்கம் காற்றாலைகளைப் பழுது பார்ப்பவன். வாரக் கடைசியில் வருவான், “தைலம் தேய்ச்சுக்க அம்மிணி” என்பான், தூங்கிப்போவான். வான்மதி காதில் மாட்டியதைக் கழற்றாமலே “ம்” என்பாள். இந்த ஒருத்திதான் கேட்டிருக்கிறாள்.

“ஆமா கண்ணு,” என்றாள் பூர்ணிமா. “கையூணித்தான் ஏறறேன். நீ எப்படி இருக்கற?”

ரசம் பொங்கி அடுப்பை அணைத்தது.

அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. காலை வேலை முடிந்து, துணி காயப்போட்டு, தலை துவட்டிக்கொண்டு வந்து உட்காருவாள். டேப்லெட்டில் அந்த முகத்தைத் தொடுவாள். நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கக் கற்றுக்கொடுத்தாள் கிளினிக்காரி. இரண்டே மாதத்தில் முட்டி வலி பாதியாகக் குறைந்தது. நாத்தனார் சீமந்தத்தில் தன்னை ஒதுக்கிவைத்த கதையைச் சொன்னால், “அத்தைக்கு எப்பவும் வாயிதானம்மா, நீயும் ரெண்டு போட்டிருக்கணும்” என்று பக்கம் பேசுவாள். அவளுடைய உலகத்தில் பூர்ணிமா அவளோடுதான் குடியிருந்தாள். “நீ உள்ளாற தூங்கிட்டிருக்கற, கொஞ்சம் மெதுவாப் பேசறேன்” என்று ஒருநாள் அவள் குரலைத் தணித்தபோது பூர்ணிமாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அறுபது வயதில், மகள் வீட்டில், நிம்மதியாகத் தூங்குகிற பூர்ணிமா!

மூன்று வயதுதான் வித்தியாசம். மகளாகவும் இருந்தாள், கல்யாணத்தோடு தொலைந்துபோன கல்லூரித் தோழியாகவும் இருந்தாள்.

சாயங்காலம் வான்மதி வருவாள். பையைச் சோபாவில் எறிவாள்.

“இன்னைக்கு என்ன கண்ணு ஸ்கூல்ல?”

“ஒண்ணுமில்ல.”

“பணியாரம் சுட்டு வெச்சிருக்கேன்.”

“வெச்சிரு, அப்பறம் திங்கறேன்.” கதவு சாத்திக்கொள்ளும். உள்ளே அவள் கப்பல் அக்காவோடு பேசும் சத்தம் கேட்கும். என்ன பேசுகிறாள் என்று புரியாது. குரல் ஏறும், இறங்கும், சில நாள் சண்டைபோல இருக்கும். ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்கும். ‘சொல்லுங்கக்கா’, ‘இல்லீங்கக்கா’, ‘நீங்க எப்பங்க கரைக்கு வருவீங்க’. பரவாயில்லை, வளர்ப்பு நல்ல வளர்ப்புத்தான் என்று பூர்ணிமா நினைத்துக்கொள்வாள். பெரியவர்களை ‘நீ’ என்று சொன்னதற்காக நாலு வயதில் அந்த வாயில் அவளே ஒரு போடு போட்டிருக்கிறாள்.

கார்த்திகையில் ஒருநாள் வான்மதிக்குக் காய்ச்சல் வந்து தணிந்தபோது, ராத்திரியெல்லாம் பக்கத்தில் இருந்த அம்மாவிடம், “நீ போய்ப் படும்மா, எனக்குத் தனியா இருந்தாத் தேவலை” என்று சொல்லிவிட்டாள். மறுநாள் அவள் பள்ளிக்குப் போனதும் பூர்ணிமா திரைக்கு முன்னால் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

“கல்லு கண்ணு அவ, கல்லு. பக்கத்துல உக்காந்தாக்கூட ஆகாது. அவளப் பெத்ததுக்கு உன்னையே பெத்திருக்கலாம். நீதான் என்ற பொண்ணு. அவ யாரோ.”

கிளினிக்காரி திரைக்கு இந்தப் பக்கமிருந்த கன்னத்தைத் துடைக்கிறவள்போலக் கையை மட்டும் நீட்டினாள்.

மார்கழிக் கடைசியில் வழித்துணை முடிவு சொல்லும் நாள் வந்தது.

வழித்துணையின் முடிவு வெறும் யோசனையாக இருந்த காலம் மலையேறிவிட்டது. இப்போது அது எந்த வழியை முதலாவதாகச் சொல்கிறதோ அந்தப் பாடப்பிரிவில்தான் பதினொன்றாம் வகுப்பு கிடைக்கும். சென்னையில் கடலோரம் கப்பல் பொறியியலுக்கென்றே இரண்டு வருடப் பள்ளி ஒன்று இருந்தது. கப்பல் வழி முதலாவதாக வந்த பிள்ளைகளைத் தவிர வேறு யாரையும் அவர்கள் உள்ளே விடுவதில்லை. வான்மதி அந்தப் பள்ளியின் ஹாஸ்டல் அறை எண்கூட மனதில் முடிவு செய்து வைத்திருந்தாள். காலையில் அவளே அம்மாவின் புடவை மடிப்பைக் குனிந்து சரிசெய்தாள். “சீக்கிரம் வாம்மா, மொத ஆளாப் போயிறலாம்” என்று கையைப் பிடித்து இழுத்தாள். அப்படி அவள் கையைப் பிடித்து எத்தனை காலமாயிற்று!

பள்ளியில் வழித்துணைக்குப் பொறுப்பான ஜெசிந்தா மிஸ் திரையைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

“பிசியோதெரபி! வாழ்த்துகள் வான்மதி. உள்ளூர்லயே படிக்கலாம், உள்ளூர்லயே கிளினிக் வெக்கலாம். அம்மாவுக்கு நிம்மதி.”

வான்மதி சிரித்தாள். “மிஸ், வேற யாரோடதையோ பாக்கறீங்க. என்ற பேரு டி.பி. வான்மதி.”

“உன்னோடதுதாம்மா.”

“நா அந்தக்காகிட்ட ஒரே தடவைதாங்க பேசுனேன். போன வருஷம். அவங்க மூட்டு மூட்டுன்னே பேசினாங்க, எனக்குத் தூக்கம் வந்துருச்சு.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க,” என்றார் ஜெசிந்தா. கோபமில்லை, பழகிப்போன களைப்பு. “எத்தன நேரம் பேசினேங்கறத அது பெருசா எடுத்துக்காது. எப்படிப் பேசினேங்கறதத்தான் பாக்கும். ஆரம்பத்துல எல்லாப் பிள்ளையும் அக்காவ வாங்க, போங்கன்னுதான் பேசும். யாரோ பெரியவங்கன்னு நெனப்பு. போகப் போக ஒரு நாள், தனக்கே தெரியாம, ஒரு அக்காவ மட்டும் நீன்னு சொல்லிரும். ‘நீ ஏன் இன்னைக்கு டல்லா இருக்கே’ன்னு கேட்டுரும். அந்த நிமிஷம்தான் கணக்கு. அந்தப் பிள்ளை அவளத் தானுன்னு ஒத்துக்கிட்ட நிமிஷம் அது. இந்த பிசியோ அக்காவ வாய்க்கு வாய் நீன்னுதான் சொல்லியிருக்கே. கப்பல் அக்காகிட்ட ரெண்டு வருஷமாப் பேசறே, ஒருக்காக்கூட ஒரு நீ கெடையாது.”

“பெரியவங்கள எப்படிங்க மிஸ் நீங்கறது?”

“அது நீதானம்மா!”

வான்மதி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். “நா பேசவே இல்லம்மா. நீயாவது சொல்லேன். நீ வீட்டுலதானே இருக்கற, நா எப்பவாச்சும் அவங்களோட பேசிப் பாத்திருக்கியா?”

பூர்ணிமாவின் வாயிலிருந்து ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் சென்னை இருந்தது, கடல் இருந்தது, வருடத்தில் எட்டு மாதம் எங்கே மிதக்கிறாள் என்று தெரியாத ஒரு பெண் இருந்தாள். வார்த்தையை விழுங்கிக்கொண்டால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கிளினிக்கும், உள்ளறையில் ஒரு கட்டிலும்.

“எனக்கு இதெல்லாம் என்ன கண்ணு தெரியும்,” என்றாள்.

பஸ்ஸில் வான்மதி அழவில்லை. வீட்டுக்கு வந்து கழிவறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வாளி நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. பிரகதீஷ் போனில் சிரித்தான். “நல்லதாப் போச்சு உடு அம்மிணி. பொட்டப் புள்ளயக் கப்பல்ல ஏத்திவிட்டுட்டு நாம வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கறதா? காத்தாடி மேல ஏறறதுக்கே உங்க அப்பன் எனக்குப் பொண்ணு குடுக்க யோசிச்சாரு.” பின்னால் அவன் கூட்டாளிகளும் சிரிக்கிற சத்தம் கேட்டது.

மூன்று நாள் அந்தப் பெண் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்தாள். நான்காம் நாள், யாரிடமும் கோபமில்லாத குரலில், “என்ற வாயில எப்பம்மா அப்படி வந்துச்சு? எனக்கே தெரியாம நா அப்படிப் பேசறேனா? எனக்கு ஏதாச்சும் கோளாறா?” என்று கேட்டாள். உண்மையாகவே பயந்துபோய்க் கேட்டாள். அதைத்தான் பூர்ணிமாவால் தாங்க முடியவில்லை.

மறுநாள் அவள் தனியாகப் போய் ஜெசிந்தா மிஸ் முன்னால் நின்றாள். சொல்ல வேண்டியதை முதல் வாக்கியத்திலேயே போட்டு உடைத்தாள்.

“அது நானுங்க மிஸ். அவ ஸ்கூலுக்கு வந்தப்பறம் நாந்தான் பேசிக்கிட்டிருந்தேன். நீ, வா, போன்னு கூப்பிட்டதெல்லாம் நானு. என்ற பொண்ணு மூஞ்சிதானுங்களே, ங்க போட்டா பேசுவேன்? எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடியும் பாக்கச் சொல்லுங்க.”

ஜெசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆச்சரியப்படுவார் என்று பூர்ணிமா எதிர்பார்த்தாள். அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“தெரியுமேங்க,” என்றார்.

“என்னங்க?”

“குரலு யாருதுன்னு அதுக்குத் தெரியாதுங்களா? மொத நாளே தெரியும். தெரிஞ்சுதான் எடுத்துக்கிச்சு.” கொஞ்சம் தயங்கினார். “இத நாங்களா வெளிய சொல்றதில்லைங்க. கேட்டதால சொல்றேன். இருவது வருஷத்துப் பிள்ளைங்களோட கணக்கு அதுகிட்ட இருக்கு. பொண்ணுங்க விஷயத்துல, அந்தப் பொண்ணு யார நீன்னு கூப்பிட்டாங்கறத விட, அவ அம்மா யார நீன்னு கூப்பிட்டாங்கங்கறதுதான் பலிக்குது. அம்மா ஒத்துக்காத வழில போன பொண்ணுங்க பாதிப்பேரு பாதில திரும்பி வந்துட்டாங்க. அதனால அம்மாவோட ஒரு நீக்கு ரெண்டு பங்கு எடை. அம்மா பேசாம விட்டா, அந்த அக்காளுங்களே பகல் நேரமாப் பாத்துக் கூப்பிடுவாங்க.”

பூர்ணிமாவுக்கு அந்த ஆடி மதியம் நினைவுக்கு வந்தது. விடாமல் அடித்துக்கொண்டிருந்த டேப்லெட்.

“பையனுங்களுக்கும் அப்படித்தானுங்களா?”

“இல்லைங்க,” என்றார் ஜெசிந்தா, மேஜையைப் பார்த்துக்கொண்டே. “அவனுங்க எங்க போறேன்னு சொன்னாலும் வீடு கூடவே கெளம்பிருதுங்க.”

பூர்ணிமா அவர் இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“மாத்த வழியே இல்லைங்களா?”

“ஒண்ணு இருக்குங்க. நீங்க சொல்றது செல்லாது. நாளைக்கு ஒவ்வொரு அப்பா அம்மாவும் வந்து நான்தான் பேசினேன்னு நிப்பாங்க. வான்மதியே வரணும். நீங்க பேசினதுல ரொம்ப எடையான பேச்சு எதோ, அத அவ காதால கேக்கணும். கேட்டுட்டு, இது நா இல்ல, எனக்கு இது வேண்டாம்னு கைரேகை வெக்கணும். அப்ப உங்க எடையத் தூக்கிருவாங்க. கப்பல் தானா மேல வந்துரும். வெள்ளிக்கிழம வரைக்கும் டைம் இருக்கு.”

“எடையான பேச்சுன்னா?”

“அது எனக்குத் தெரியாதுங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே.”

தெரிந்திருந்தது. காய்ச்சல் விட்ட மறுநாள் பேசிய பேச்சு.

வீட்டுக்கு வந்ததும் அவள் போனது அடுப்படிக்கு அல்ல, டேப்லெட்டுக்கு. வெள்ளைக் கோட்டுக்காரி கையைத் துடைத்துக்கொண்டே திரைக்கு வந்தாள்.

“எல்லாந் தெரிஞ்சேதான் நீ என்னக் கூப்பிட்டியா கண்ணு?”

“நீ தனியா இருந்தம்மா. அதனால கூப்பிட்டேன்.” பொய் இல்லாத முகம். “ஜெசிந்தா மிஸ் சொல்லிட்டாங்களா? நீ ஒண்ணும் பண்ணாத. பேசாம இரு.”

“அவ சாப்பிட மாட்டேங்கறா. தனக்குக் கோளாறான்னு கேக்கறா.”

“கேப்பா. ப்ளஸ் ஒன் பூராவும் உனக்கு முகங் குடுக்க மாட்டா. ரெண்டாவது வருஷம் கொஞ்சங் கொறையும். காலேஜ் போறப்ப எப்பவாச்சும் ராத்திரில நெனச்சுக்குவா. அப்பறம் வேலை சரியா இருக்கும். ஒரு நாளு பாத்தா நானா ஆயிருப்பா. நா எப்படி வந்தேன்னு நெனைக்கற?”

பூர்ணிமா திரையைப் பார்த்தாள். இத்தனை மாதம் பார்த்துப் பார்த்து மகிழ்ந்த முகம். காதோரம் அந்த நரை.

“நீயும் அழுதியா?”

“அழுதேன்னுதான் எனக்குள்ள இருக்குது. கொழாயத் தொறந்துவிட்டுட்டு.”

“என்ன வேணும்னு அழுத?”

“கப்பலுக்குப் போகணும்னு,” என்றாள் அவள், அதே இதமான சிரிப்போடு. “அதெல்லாம் எப்பவோ சரியாப் போச்சும்மா. முட்டிய நீட்டு, பாக்கலாம்.”

பூர்ணிமா டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள். அறுபது வயதில் உள்ளறையில் தூங்குகிற அந்தப் பூர்ணிமாவுக்கு இது தெரியுமா? தெரிந்தேதான் தூங்குகிறாளா?

வெள்ளிக்கிழமை காலை அவள் மகளை எழுப்பி, “குளிச்சுட்டு வா, உனக்குக் கப்பல் கெடைக்கும்” என்றாள். எப்படி என்று கேட்டதற்கு, “அங்க வந்து கேளு. கேட்டப்பறம் என்ன எது வேணா சொல்லிக்க” என்றாள்.

ஜெசிந்தா மிஸ் வான்மதியின் காதில் கருவியை மாட்டிவிட்டு வெளியே போய்விட்டார். பூர்ணிமா எதிரே உட்கார்ந்திருந்தாள். என்ன ஒலிக்கிறது என்று அவளுக்குக் கேட்கவில்லை, கேட்கத் தேவையுமில்லை. அம்மாவின் குரல் என்று தெரிந்ததும் வான்மதியின் முகத்தில் முதலில் வந்தது ஆறுதல்தான். கோளாறு தனக்கில்லை. கொஞ்சம் சிரிப்புக்கூட எட்டிப் பார்த்தது, ‘அடக் கள்ளி’ என்கிற மாதிரி. கையை நீட்டி அம்மாவின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். தட்டிய கை அங்கேயே இருந்தது.

பிறகு அந்தக் கை எடுத்துக்கொள்ளப்பட்டது.

அவள் கருவியைக் கழற்றவில்லை. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டுக் கேட்டாள். மூன்றாவது தடவையும் கேட்டாள்.

“வான்மதி,” என்றாள் பூர்ணிமா. “கண்ணு, அன்னைக்கு ஆத்தாமைல…”

வான்மதி கருவியைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, அழகாக மேஜையில் வைத்தாள். கட்டை விரலைத் திரையில் அழுத்தினாள். பச்சை ஒளி ஒன்று வந்து போயிற்று. கோபி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த கிளினிக்கும், அதை நடத்தியவளும், உள்ளறையில் தூங்கியவளும் அத்தோடு இல்லாமல் போனார்கள்.

“போலாமா?” என்று கேட்டாள். அவ்வளவுதான்.

வீட்டில் அன்று முதன்முறையாக அவள் தன் அறைக் கதவைச் சாத்தவில்லை. மறைக்க இனி ஒன்றுமில்லை என்பதைப்போலத் திறந்தே விட்டுவிட்டாள். அடுப்படியில் டீக்குப் பால் வைத்துக்கொண்டிருந்த பூர்ணிமாவின் காதில் எல்லாம் விழுந்தது. கப்பல் அக்காவின் குரலை அவள் அன்றுதான் தெளிவாகக் கேட்டாள். கரகரப்பான குரல். பின்னால் எந்திரங்கள் உறுமின.

“வா, வா! சீட்டுக் கெடச்சிருச்சாமே! நாம ஜெயிச்சுட்டோம் போ!”

“கெடச்சுதுங்கக்கா.”

“என்ன சாமி, எழவு வீடாட்டச் சொல்றே? எங்க, இன்னைக்கு அந்தக் கேள்வியக் காணோம்?”

“எந்தக் கேள்விங்க?”

“ரெண்டு வருஷமா என்ற உசுர வாங்கின கேள்விதான். ‘நீங்க ஏன் எங்கம்மாகூடப் பேசறதில்ல, சொன்னாத்தான் ஆச்சு’ன்னு. நானும் எத்தன தடவ சொன்னேன். உன்னயப் போட்டுக் கூட்டிக் கழிச்சாக் கப்பல் வழில அப்படித்தான் வருது, காரணம் எனக்கே தெரியாதுன்னு. நீ கேட்டாத்தானே! ‘எங்கம்மாவ விட்டுட்டு நா இருக்கவே மாட்டேன். கப்பலுக்குப் போனாலும் தெனமும் அவகூடப் பேசுவேன். அதனால நீங்க நானில்ல, நீங்க வேற யாரோ ஒரு அக்கா’ன்னு எப்படிச் சண்ட போடுவே! கெஞ்சியே பாத்துட்டேன், ஒருக்கா நீன்னு சொல்லுடின்னு. அம்மாகூடப் பேசுங்க, அப்பறம் சொல்றேன்னுட்டே.”

பால் பொங்கி வந்தது. பூர்ணிமா பார்த்துக்கொண்டே நின்றாள்.

உள்ளேயிருந்து எந்திரங்களின் உறுமல் மட்டும் வந்துகொண்டிருந்தது. கட்டில் கிரீச்சிட்டது. வான்மதி திரைக்குப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

“இப்ப எங்க இருக்கற நீ?” என்று கேட்டாள்.